பதிவு எண் இருக்கிறது, வேலை எங்கே? மாற்றுத்திறனாளிகளின் அரசு வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் மத்திய அரசு அலுவலகங்கள் மாடிக்கு மாடி இருக்கின்றன. நேரடி நியமனத்தில் நூற்றுக்கு நான்கு இடத்துக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. தமிழக அரசுப் பணிகளுக்கும் இதே நான்கு சதவீதம்தான். ஆனால் அந்தக் கட்டடத்தைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்களில், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் ஒரு கடிதம்கூட வராத பட்டதாரிகள் உண்டு. "பதிஞ்சு வெச்சிருக்கு, கூப்பிடுவாங்க" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கூப்பிட மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "சர்வர் டவுன்", "அடுத்த வாரம் வாங்க", "இது எங்க செக்‌ஷன் இல்ல" என்ற பதில்களைக் கேட்டு அலுத்துப்போனவர்களுக்காகவும், இனிமேல்தான் தொடங்கப்போகிறவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி.

படி 1: அட்டை சரியாக இருக்கட்டும்

யூடிஐடி எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை. 2024 அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, சான்றிதழ் தருவதற்கான கெடு ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டிக்கப்பட்டது. விண்ணப்பதாரரின் சிரமத்தைக் குறைக்க வேண்டிய திருத்தம், அலுவலகத்துக்கு அவகாசம் கொடுத்ததுதான் மிச்சம்.

அட்டை வந்ததும் மூன்றைப் பாருங்கள். சதவீதம் 40 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா? இடஒதுக்கீட்டுக்கு அதுதான் வாசல். குறைபாட்டின் வகை சரியாக எழுதியிருக்கிறதா? 21 வகைகளைச் சட்டம் ஏற்கிறது; எந்த வகை என்பதைப் பொறுத்தே எந்த ஒதுக்கீட்டில் நீங்கள் வருவீர்கள் என்பது முடிவாகும். சான்றிதழ் நிரந்தரமா, தற்காலிகமா?

நான்காவதாக ஒன்று இருக்கிறது, நம்மூருக்கே உரியது: இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், யூடிஐடியில் இனிஷியலே விரிந்து அப்பா பெயராக. இந்த ஒரு புள்ளியில் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள். இதைத் தேர்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

படி 2: வேலைவாய்ப்புப் பதிவிடம் எதை எதிர்பார்க்கலாம்

பதிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. பதியுங்கள், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள், புதிதாகப் படித்ததைச் சேருங்கள். பதிவு மூப்புப் பட்டியல் கேட்டு ஆள் எடுக்கும் சில கீழ்நிலைப் பணிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் நம்பி ஆள் எடுக்கக் கூடாது, பொது விளம்பரமும் வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கதவு அப்போதே பாதி மூடியாயிற்று.

பதிவால் கையில் கிடைப்பது உதவித்தொகை. பொதுப்பிரிவினர் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்; மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 750, பட்டதாரிகளுக்கு 1,000. பத்து ஆண்டு வரை கிடைக்கும். பட்டதாரிக்கு ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

படி 3: தேர்வு

டிஎன்பிஎஸ்சியில் ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். தேர்வுக் கட்டணம் மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லை. பெரும்பாலான மத்திய அரசுத் தேர்வுகளிலும் அப்படியே. ஸ்க்ரைப் (சொல்வதைக் கேட்டுத் தேர்வு எழுதித் தருபவர்) தேவைப்படுகிறவர்கள் விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் நடக்காது. மத்திய அரசின் நெறிமுறைப்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. 40 சதவீதம் இல்லை என்பதாலேயே ஸ்க்ரைப்பை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ளவர் தொடுத்த வழக்கு அது.

அறிவிக்கையைப் படிக்கும்போது சம்பளத்துக்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: அந்தப் பணிக்கு எந்த வகை மாற்றுத்திறனாளிகள் தகுதி என்ற பட்டியல். ஆளைத் தட்டிவிடும் இடம் அதுதான். 2014-இல் தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி பணிக்கு வந்த அறிவிக்கை, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பவர்களுக்கே ஒதுக்கீடு என்றது. உதவி அரசு வழக்கறிஞராக அப்போதே நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்த சுரேந்திர மோகனுக்கு 70 சதவீதம். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 ஜனவரியில் தோற்றார். இரண்டே ஆண்டில் விகாஸ் குமார் வழக்கில், அந்தத் தீர்ப்பை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. 2025 மார்ச் 3 அன்று, பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அறிவிக்கை வந்து பத்து ஆண்டுக்கும் மேல் கழித்து.

ஆகவே, பட்டியலில் உங்கள் வகை இல்லையென்றால் விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். தேர்வு முடிந்தபின் கேட்டால் "அப்போ ஏன் சும்மா இருந்தீங்க" என்பார்கள்.

படி 4: காலியிடத்தைத் தேடிப் பிடியுங்கள்

எல்லா வழிகாட்டிகளும் மூன்றாம் படியோடு முடிந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி.

மத்திய அரசு அலுவலகங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக ஒரு நூறு புள்ளி ரோஸ்டர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். 1 முதல் 25 வரை ஒரு கட்டம், 26 முதல் 50 வரை இன்னொன்று, இப்படி நான்கு. கட்டத்துக்கு ஓர் இடம் நமக்கு. அந்தப் பதிவேட்டைப் பார்த்தால் எந்த ஆண்டு எந்தப் புள்ளி நிரம்பவில்லை என்பது தெரிந்துவிடும். பார்ப்பதற்கு வழி தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். மத்திய அலுவலகம் என்றால் இணையத்திலேயே போடலாம். மாநில அலுவலகத்துக்கு மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். இப்படி எழுதுங்கள்:

"19.04.2017 முதல் இன்றுவரை தங்கள் அலுவலகத்தில் நேரடி நியமனம் மூலம் நிரப்பப்பட்ட பணியிடங்கள் எத்தனை? அவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்டவை எத்தனை? நிரம்பாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டவை எத்தனை? மாற்றுத்திறனாளிகளுக்கான ரோஸ்டர் பதிவேட்டின் நகல் தரவும்."

19.04.2017 என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். "ஏன் நிரப்பவில்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். காரணம் கேட்டால் "இது தகவல் அல்ல" என்று திருப்பிவிடுவார்கள். எண்ணிக்கையும் நகலும் கேட்டால் தப்பிக்க இடம் குறைவு. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

"இந்தப் பணி உங்களுக்கு உகந்ததாக அடையாளம் காணப்படவில்லை, அதனால் ஒதுக்கீடு கணக்கு வராது" என்று பதில் வரலாம். 2013 அக்டோபரில் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: சதவீதத்தை மொத்தக் காலியிடங்களின் மீது கணக்கிட வேண்டும், அடையாளம் காணப்பட்ட பணிகளின் மீது மட்டும் அல்ல. அந்தத் தீர்ப்பின் பெயரை மனுவில் எழுதுங்கள்.

படி 5: புகார்

ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. வேலையில் பாகுபாடு என்று புகார் வந்தால் அதைப் பதிவேட்டில் ஏற்றி, இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அப்படி ஒருவர் இருப்பதே பல அலுவலகங்களில் வரவேற்பறைக்குத் தெரியாது. அவர் பெயர் என்ன என்பதையும் தகவல் உரிமை மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

அங்கே தீராவிட்டால் மாநில அலுவலகங்களுக்கு மாநில ஆணையர், மத்திய அலுவலகங்களுக்கு டெல்லியில் தலைமை ஆணையர். சம்மன் அனுப்பும் அதிகாரம் இவர்களுக்கு உண்டு. ஆனால் இவர்கள் தருவது பரிந்துரைதான். ஏற்காத துறை மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணக் கடிதம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது உதவும்.

எங்கே மனு கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். "வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்பது ஒப்புகை ஆகாது.

தனியார் பக்கம்

தனியார் நிறுவனங்களுக்கு ஒதுக்கீடு கட்டாயமில்லை. பணியாளர்களில் ஐந்து சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க, அரசு தன் வசதிக்கு உட்பட்டு ஊக்கம் தர வேண்டும் என்கிறது சட்டம், அவ்வளவே. பெசன்ட் நகரிலிருந்து பக்கத்தில் அடையாறு காந்தி நகரில் எபிலிட்டி ஃபவுண்டேஷன் இருக்கிறது. 2004 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்தி வந்திருக்கிறார்கள். கிண்டி சிடிஐ வளாகத்தில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் தொழில்சேவை மையம் இருக்கிறது. அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இங்கும் பதிந்து வையுங்கள்.

தள்ளிப்போடக் கூடாத ஒன்று

நிரம்பாத ஒதுக்கீட்டு இடம் என்றென்றும் காத்திருக்காது. ஓர் ஆண்டு தகுதியானவர் கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆள்சேர்ப்பு ஆண்டுக்குப் போகும். அந்த ஆண்டும் கிடைக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளின் வேறு வகைக்கு மாறும்; அங்கும் ஆள் இல்லை என்று காட்டிவிட்டால் மற்றவர்களைக் கொண்டு நிரப்பச் சட்டமே அனுமதிக்கிறது. எனவே தகவல் உரிமை மனுவை இந்த ஆண்டே போடுங்கள்.