செம்பருத்தியும் அரளியும்

இரண்டாம் ஆண்டு, தாவரவியல்

எங்கள் வீட்டு முற்றத்தில் செம்பருத்தியும் அரளியும் அருகருகே நின்றன. இரண்டும் குச்சி நட்டாலே வேர்விடும். இரண்டுக்கும் நல்ல வெயில் வேண்டும். ஒற்றுமை அம்மட்டே.

செம்பருத்திக்கு ஈரம் குறையக்கூடாது. வேரடியில் நீர் தேங்கவும் கூடாது. மாவுப்பூச்சி கண்ட கிளையை உடனே வெட்டி அகற்ற வேண்டும். இலையை அரைத்துத் தலைக்குத் தேய்ப்பர். இதழின் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். லிட்மஸ் தாள் இல்லாத பள்ளிக்கு அதுவே போதும்.

அரளியோ வறட்சியைத் தாங்கும். நெடுஞ்சாலைகளின் நடுவே அதனை நடுவது அதனால்தான். ஆடுமாடுகளும் பொதுவாக அதை மேய்வதில்லை. காரணம் நஞ்சு. வேர் முதல் பூ வரை எல்லா உறுப்புகளிலும் நஞ்சுண்டு. அதிலுள்ள ஒலியாண்ட்ரின் இதயத் துடிப்பைக் குலைக்கும். கிளையை வெட்டினால் கையைக் கழுவ வேண்டும். வெட்டியதை எரிக்கவும் கூடாது, புகையும் தீங்கு.

வகுப்பில் இதைப் படித்த அன்று மாலை வீடு திரும்பினேன். என் தங்கை இரு செடிகளின் இலைகளையும் கிள்ளிக் கொட்டாங்கச்சியில் சோறு சமைத்துக்கொண்டிருந்தாள். என் நெஞ்சு திடுக்கிட்டது. நல்லவேளை, வாயில் வைக்கவில்லை.

அரளியை நாங்கள் அழிக்கவில்லை. வேலிக்கு வெளியே குச்சி நட்டு, வேர்பிடித்தபின் முற்றத்துச் செடியை அகற்றினோம். அங்கே அதற்கு நீரும் வேண்டாம், காவலும் வேண்டாம். தங்கையின் கைக்கெட்டும் இடத்தில் இன்று செம்பருத்தி மட்டுமே பூக்கிறது.

நண்பர்களே, செடியை நடுமுன் அதன் குணத்தை அறிந்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.