மூலநூலைக் களத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்

அன்புள்ள இளம் ஆய்வாளருக்கு,

சமூகவியல் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் மார்க்ஸ், துர்கைம், வெபர் மூவருக்கும் ஆளுக்கு நான்கு பக்கம். அதன்பிறகு கடைசிவரை அவர்கள் பேச்சே கிடையாது. நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியர்கள் நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இப்படிப் படித்தால் அவர்களால் ஒரு பயனும் இல்லை.

வேறு விதமாகப் படிக்கலாம். துர்கைமின் 'தற்கொலை' 1897-இல் வெளியானது. நம் பாடப்புத்தகங்கள் அதிலிருந்து தற்கொலையின் வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டன. அந்த வகைகளுக்கு முன்னால் வரும் ஒரு வாதத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். பிரெஞ்சு அரசுப் பதிவேடுகளில் ஒவ்வொரு தற்கொலைக்கும் காரணம் எழுதப்பட்டிருந்தது: வறுமை, குடும்பத் தொல்லை, குடி, காதல். துர்கைம் அந்தக் காரணங்களை ஒதுக்கிவிடுகிறார். அங்கே இருப்பது இறந்தவரின் காரணம் அல்ல, எழுதிய அதிகாரியின் அபிப்பிராயம் என்கிறார். சும்மா சொல்லவில்லை, சோதித்துக் காட்டுகிறார். தற்கொலைகள் வெகுவாகக் கூடிய காலத்திலும் காரணங்களின் விகிதம் ஏறக்குறைய மாறவே இல்லை. உழவரின் வாழ்க்கை வேறு, படித்த தொழில் செய்பவரின் வாழ்க்கை வேறு. பதிவேட்டில் மட்டும் இருவருக்கும் கிட்டத்தட்ட அதே விகிதம்.

இப்போது நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலை அறிக்கையைத் திறந்து பாருங்கள். 'குடும்பப் பிரச்சினை', 'நோய்' இரண்டும் வருடா வருடம் முன்வரிசையில் நிற்கின்றன. கடன் முற்றி வீட்டில் சண்டை வந்து ஒருவர் இறந்தால் அது எந்தக் கட்டத்தில் விழும்? காவல் நிலையத்தில் அந்தச் சொல்லை எழுதியவர் யாரைக் கேட்டு எழுதினார்? அட்டவணையை எக்செலில் ஏற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. துர்கைமையும் கேள்வி கேட்காமல் விடாதீர்கள். காரணத்தைச் சந்தேகித்தவர், எண்ணிக்கையைப் பெரும்பாலும் அப்படியே நம்பினார். எந்த மரணம் தற்கொலை என்று பதிவாகிறது என்பதே ஊருக்கு ஊர் மாறும் விஷயம் என்று 1967-இல் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் அவரை மடக்கினார். ஒரு நூலோடு எழுபது வருடம் கழித்தும் இப்படி வாதாட முடிகிறதே, அதனால்தான் அது செவ்வியல்.

உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களை ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்றால் 'மூலதனம்' முதல் பாகத்தில் துண்டுக் கூலி பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். தியாகுவின் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே இருக்கிறது. பீஸ் ரேட் என்று திருப்பூரில் சொல்வார்களே, அதேதான். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வந்துவிட்டால் மேற்பார்வை பெருமளவு தேவைப்படாது, தொழிலாளி தானே வேலை நேரத்தை நீட்டிக்கொள்வார், இடைத்தரகருக்கு வழி திறக்கும் என்று 1867-இலேயே மார்க்ஸ் எழுதிவிட்டார். வாடிக்கையாளர் ஸ்டார் போட்டு வேலையை அளப்பது அவர் காணாத புதுமை. அந்த இடத்தில் உங்கள் ஆய்வு தொடங்க வேண்டும்.

வெபர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை; மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளையும் பிறர் நூல்களையும் வைத்து நம் மதங்களைப் பற்றி எழுதினார். அந்தக் குறை பெரியது. ஆனாலும் வர்க்கம், அந்தஸ்து, அதிகாரம் என்று அவர் பிரித்ததை எடுத்துக்கொண்டு சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றில் கள ஆய்வு செய்தார். 1965-இல் வந்த அவரது நூல், அந்த மூன்றும் அங்கே ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருப்பதைக் காட்டியது.

எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம், இந்த மூவரின் பக்கத்தில் வைக்கப்படாத ஒரு கட்டுரை பற்றியது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். துர்கைமும் வெபரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். சாதிக்குச் செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கெட்கர் தந்த வரையறைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, சொந்தக் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணமே சாதியின் உயிர் என்று அவர் நிறுவுகிறார். அகமணம் நிலைக்க வேண்டுமானால் குழுவுக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் மிஞ்சும் பெண்ணையும் மனைவி இறந்தால் மிஞ்சும் ஆணையும் சாதி என்ன செய்யும்? உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, சிறுமி மணம் மூன்றையும் இந்த ஒரே கேள்வியிலிருந்து விளக்குகிறார். சாதி எப்படிப் பரவியது என்பதற்கு பிரெஞ்சு சமூகவியலாளர் கபிரியேல் தார்தின் போலச்செய்தல் விதிகளைக் கையில் எடுக்கிறார். கோட்பாட்டை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. செவ்வியல் கோட்பாட்டுத் தாளில் அந்த மூவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கட்டுரை இது.

பாடத்திட்டக் குழுவில் மாணவர் கருத்தைக் கேட்டால் அதைத் துணிந்து சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். சிறிய கட்டுரைதான், வழிகாட்டி நூல்களை ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரமே மூலத்தைப் படித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையின் மூத்த மாணவன்