கைமாறி வந்த விடுமுறை ஒப்பந்தம்: பிணக்கைத் தீர்ப்பது எப்படி?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

தொழுகை, நோன்பு பற்றிய மஸ்அலாக்களை ஆர்வத்துடன் கேட்டுத் தெரிந்து கொள்ளும் நாம், கொடுக்கல் வாங்கல் பற்றிய மஸ்அலாக்களைப் பெரும்பாலும் தகராறு முற்றிய பிறகே கேட்கிறோம். பணம் கைமாறிய பின், இரு குடும்பங்களும் பேச்சு வார்த்தையை முறித்துக் கொண்ட பின், ஆலிமிடம் வந்து "ஹஜ்ரத், இது கூடுமா?" என்று கேட்பதில் பயன் குறைவு. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்க்கண்டிகை, திருவள்ளூர் காக்களூர் ஆகிய தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களின் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு புதுவகைக் கொடுக்கல் வாங்கலை இந்த மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

இது என்ன ஒப்பந்தம்?

மலை வாசஸ்தலங்களிலும் கடற்கரை ஊர்களிலும் உள்ள விடுதிகளில், ஆண்டுக்கு ஒரு வாரம் அல்லது சில நாட்கள் தங்கும் உரிமையைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து முன்பணமாக விலை பேசி விற்கிறார்கள். இதற்கு 'டைம்ஷேர்' என்று பெயர். 1960-களில் ஐரோப்பாவில் தோன்றிய இம்முறை, 1980-களில் நம் நாட்டுக்கு வந்தது. சென்னையில் 1986-இல் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல், உதகை போன்ற இடங்களில் விடுதிகளை அமைத்து இதைப் பரப்பியது. 1996-இல் மகிந்திரா குழுமமும் இத்துறையில் இறங்கியது. இருபத்தைந்து ஆண்டு உறுப்பினர் திட்டங்கள் பரவலாக விற்பனையாயின.

தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு தொகை கட்ட வேண்டும். ஷிப்டு முறையில் வேலை செய்பவருக்குக் கேட்ட வாரத்தில் லீவு கிடைக்காது. லீவு கிடைத்த வாரத்தில் அறை கிடைக்காது. சில ஆண்டுகள் இப்படிக் கழிந்ததும், மீதமுள்ள ஆண்டுகளை உடன் வேலை செய்பவரிடமோ உறவினரிடமோ மலிவு விலைக்குத் தள்ளிவிட நினைக்கிறார். தகராறு தொடங்குவது இங்கேதான்.

ஜைதும் அம்ரும்

பிக்ஹுக் கிதாபுகளில் வழக்கமாக வரும் ஜைது, அம்ரு என்ற பெயர்களையே இங்கும் உதாரணமாகக் கொள்வோம். ஜைதிடம் இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் பதினான்கு ஆண்டுகள் மீதமிருக்கின்றன. அதை அவர் ரூ.1,40,000-க்கு அம்ருக்கு விற்கிறார். அம்ரு தம் மனைவியின் நகையை விற்றுப் பணம் கொடுக்கிறார். உறுப்பினர் அட்டையும் பழைய பத்திரமும் கைமாறுகின்றன. நிறுவனத்துக்கு இருவரும் தெரிவிக்கவில்லை. முதல் ஆண்டு ஜைதின் பெயரிலேயே அறை பதிவு செய்து அம்ருவின் குடும்பம் ஒரு வாரம் தங்கி வருகிறது. அடுத்த ஆண்டு அறை கேட்டபோது மூன்று விஷயங்கள் வெளிப்படுகின்றன. விற்பனைக்கு முந்திய மூன்று ஆண்டுகளின் பராமரிப்புக் கட்டணம் ரூ.48,000 பாக்கி. பெயர் மாற்றத்துக்கு ரூ.20,000 கட்ட வேண்டும். பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் அறை கேட்க இந்த அட்டைக்கு உரிமையில்லை.

"ஏமாற்றிவிட்டார்" என்கிறார் அம்ரு. "பார்த்துத்தானே வாங்கினீர்" என்கிறார் ஜைது. தொழிற்சாலை வாசலில் ஸலாம் சொல்வதும் நின்றுவிடுகிறது. இதை எப்படித் தீர்ப்பது?

வாங்கியது எதை?

அம்ரு கட்டடத்தை வாங்கவில்லை. அதில் தங்கும் பயனையே வாங்கினார். பயனை விலைக்குப் பெறுவது ஷரீஅத்தில் 'இஜாரா' என்னும் வாடகை வகையைச் சேர்ந்தது. அதற்குப் பயனும், காலமும், கூலியும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். பலர் கூட்டாக உரிமை பெற்ற ஒரு பொருளை முறைவைத்து அனுபவிப்பதைப் பற்றியும் 'முஹாயஆ' என்ற பெயரில் நம் இமாம்கள் பேசியிருக்கிறார்கள். 2007-இல் மலேசியாவிலுள்ள புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இந்த டைம்ஷேர் முறையை ஆராய்ந்தது. ஆகவே, முறையே தவறு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதற்கில்லை. எந்த இடம், எந்தப் பருவம், எத்தனை நாள் என்பது மூடுமந்திரமாக இருந்தால் மட்டும் அந்த மறைவு ஒப்பந்தத்தைக் கெடுக்கும்.

வாடகைக்குப் பெற்றவர் தம் உரிமையை மற்றவருக்குக் கொடுக்கலாம். ஆனால், தம் மீதுள்ள கடனை அவர் இஷ்டப்படி மற்றவர் தலையில் மாற்றிவிட முடியாது. கடனை மாற்றும் 'ஹவாலா'வுக்குக் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. ஒப்பந்தத்தின் பலனை மாற்றித் தரலாம், பாரத்தை மாற்றுவதற்கு எதிர்த் தரப்பின் சம்மதம் வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 1962-இலேயே கூறிய விதி. எனவே நிறுவனம் ஒப்புக் கொண்டு பெயரை மாற்றும் வரை அதன் கணக்கில் கடனாளி ஜைதுதான், உறுப்பினரும் ஜைதுதான். அட்டை கைமாறியதால் மட்டும் அம்ரு உறுப்பினராகிவிடவில்லை. இருவரும் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்து கொண்டாலே பாதிக் கோபம் தணிந்துவிடும்.

மூன்றையும் தனித்தனியே பிரியுங்கள்

தகராறு வந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "மோசடி" என்று பெயர் வைத்துவிடுகிறோம். அது முறையன்று.

முதலாவது, பழைய பாக்கி. அது ஜைது தெரிந்தே மறைத்த குறை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை எடுத்துச் சொன்னால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக ஹகீம் இப்னு ஹிஜாம் (ரலி) அவர்களின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. "உள்ளது உள்ளபடி வாங்கிக் கொண்டார்" என்று எழுதி வாங்கியிருந்தாலும் ஷாபிஈ மத்ஹபில் இந்தக் குறைக்கு அந்த வாசகம் பாதுகாப்பாகாது. ஹனபி மத்ஹபில் அத்தகைய நிபந்தனைக்கு இடமுண்டு. ஆயினும் தெரிந்தே மறைத்த குற்றம் எந்த மத்ஹபிலும் நீங்காது.

இரண்டாவது, பெயர் மாற்றக் கட்டணம். யார் கட்டுவது என்று பேசவில்லை. இது இருவருடைய கவனக்குறைவு. இதில் மோசடி என்ற சொல்லுக்கு இடமில்லை.

மூன்றாவது, பருவம். அது அட்டையிலும் பத்திரத்திலும் எழுதப்பட்டிருந்து, ஜைதும் அதைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருந்தால், படிக்காமல் வாங்கிய அம்ருவே அதற்குப் பொறுப்பு. "மே மாதமும் போகலாம்" என்று ஜைது வாயால் சொல்லியிருந்தால் நிலைமை மாறும். வாதிடுபவர் சாட்சி கொண்டு வர வேண்டும். இல்லையேல் மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது விதி. பொய்ச் சத்தியத்தின் கேட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

திருப்புவதா, வைத்துக் கொள்வதா?

விலைக்கு வாங்கிய பொருளில் குறை தெரிந்தால் தாமதமின்றித் திருப்ப வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபு. ஹனபியில் சற்று விசாலம் உண்டு. வாடகை வகையில் அவகாசம் பற்றிய விவரங்கள் மாறும். அதை உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். எப்படியாயினும் பேணுதலான வழி ஒன்றே. குறை தெரிந்த அன்றே எழுத்தில் தெரிவித்து, அனுபவிப்பதை நிறுத்திவிட வேண்டும். குறையை அறிந்த பின்பும் குடும்பத்துடன் போய்த் தங்கிவிட்டு, திரும்பி வந்து பணத்தைக் கேட்பவரின் பேச்சு எடுபடாது. தங்கியதே சம்மதத்துக்கு அடையாளமாகும்.

திருப்புவதென்றால் கணக்கு எளிது. பதினான்கு ஆண்டுக்கு ரூ.1,40,000 என்றால் ஆண்டுக்கு ரூ.10,000. அம்ரு ஓர் ஆண்டு அனுபவித்துவிட்டதால் அதைக் கழித்து ரூ.1,30,000 அவருக்குத் திரும்ப வர வேண்டும். தவணையாகத் தருவதானாலும் அதற்கு மேல் வட்டி கேட்கக் கூடாது. வைத்துக் கொள்வதென்றால், பழைய பாக்கி ரூ.48,000-த்தை ஜைது நேராக நிறுவனத்தில் கட்டி ரசீதை அம்ருவிடம் தர வேண்டும். இது அம்ருவுக்குச் செய்யும் சலுகையன்று. ஜைது தம் சொந்தக் கடனை அடைக்கிறார். பெயர் மாற்றத்துக்கு ஆளுக்கு ரூ.10,000 போடலாம்.

இதில் இன்னொருவருடைய ஹக்கும் இருக்கிறது. விற்ற நகை மனைவியுடையது. பணம் திரும்பி வந்தால் அது அவளுக்கே சேர வேண்டும். சமாதானப் பேச்சில் அம்ரு விட்டுக் கொடுக்க நினைத்தால் தம் பணத்திலிருந்து விட்டுக் கொடுக்கட்டும்; அவளுடையதைத் தொடுவதற்கு அவளைக் கேட்டாக வேண்டும்.

சமாதானத்தின் முன்மாதிரி

கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனைப் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டார்கள். இருவர் குரலும் உயர்ந்து, வீட்டிலிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் செவியில் விழுந்தது. அவர்கள் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுமாறு கஃபுக்குச் சைகை காட்டினார்கள். கஃபு உடனே சம்மதித்தார்கள். அடுத்து மற்றவரிடம், எழுந்து மீதியைக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். நம் ஜமாஅத்துப் பஞ்சாயத்துக்களில் முதல் பகுதி நடக்கிறது. இரண்டாம் பகுதி நடப்பதில்லை. விட்டுக் கொடுக்கச் சொல்கிறோம், ஆனால் மீதியைக் கொடுக்கும் நாளைக் குறிப்பதில்லை. பேசி முடித்ததைத் தொகையுடனும் தேதியுடனும் எழுதி, இருவரும் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். தவணைக் கடனை எழுதிக் கொள்ளச் சொல்லும் அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சுக்கும் பொருந்தும்.

சட்டத்தின் கதவுகள்

பேசித் தீராவிட்டால் சட்டத்தை நாடுவது குற்றமன்று. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜைது வியாபாரி அல்லர். தம் உரிமையை ஒருமுறை விற்றவர். அவர் மீதான வழக்கு பொதுவாக உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது. அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டு காலவரம்பு. அதற்கு முன் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் முடித்துக் கொள்ளலாம். கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மீது அப்பீலும் கிடையாது.

பெயர் மாற்றிய பின்னும் நிறுவனம் அறை தராவிட்டால், அது நுகர்வோர் வழக்கு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்குத் தொடுப்பவர் தாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கும்மிடிப்பூண்டியில் இருப்பவர் நிறுவனத்தின் ஊர் தேடி அலைய வேண்டியதில்லை, திருவள்ளூர் போதும். கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குத் தெரிவிக்கலாம். பஞ்சாயத்தார் (நடுவர்) முன்புதான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

"நீர் முதலில் வாங்கியவர் அல்லர்" என்று நிறுவனம் சொன்னால்? வீட்டு ஒதுக்கீட்டைக் கைமாற்றி வாங்கியவர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் கண்டிப்புக் காட்டியது. ஆனால் 2021 ஜூலையில், பின்னால் வாங்கியவர் என்பதற்காகவே பரிகாரத்தை ஒரேயடியாக மறுக்க முடியாது, ஒவ்வொரு வழக்கின் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதில் சம்பந்தப்பட்டது வீடு. எனினும் அந்த நியாயம் அம்ரு போன்றவர்களுக்கும் துணையாகும்.

சட்டத்தில் வென்றவர் ஒன்றை மறக்கக் கூடாது. வாதத் திறமையால் தீர்ப்புப் பெற்று, பிறர் ஹக்கை எடுத்துக் கொள்பவர் நெருப்புத் துண்டையே எடுத்துக் கொள்கிறார் என்ற கருத்தில் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஹதீஸ் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்

ஐந்து விஷயங்களை விசாரியுங்கள். பாக்கியில்லை என்று நிறுவனத்தின் எழுத்து இருக்கிறதா? மீதி ஆண்டு எத்தனை, பருவம் எது, பயன்படுத்தாத நாட்களின் கதி என்ன? பெயர் மாற்றத்துக்கு நிறுவனம் சம்மதிக்குமா, கட்டணம் யார் கட்டுவது? பழைய தவணை மீதமிருந்து அது வட்டியுடன் ஓடுகிறதா? அப்படியானால் அந்த வட்டியில் நீங்களும் போய் நுழைகிறீர்கள், விலகிக் கொள்ளுங்கள். ஐந்தாவது, நம் ஷிப்டுக்கும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கும் இது ஒத்து வருமா? பெயர் மாறிய பின்பே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

விற்க நினைப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை. "உங்கள் மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், முதலில் பதிவுப் பணம் அனுப்புங்கள்" என்று போனில் பேசுபவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். ஐரோப்பிய நாடுகளில் 2008-ஆம் ஆண்டு விதி, விற்பனை முடியும் முன் இவ்வாறு முன்பணம் வாங்குவதையே தடுக்கிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லாததால் நாமே விழிப்பாக இருக்க வேண்டும். பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

விற்றவருக்கு இறுதியாக ஒரு வார்த்தை. வாங்கியவர் மனம் வருந்தித் திருப்பிக் கொடுக்க வந்தால், அதை ஏற்று ஒப்பந்தத்தை முறித்துக் கொள்வதற்கு 'இகாலா' என்று பெயர். அவ்வாறு இடம் கொடுப்பவரின் சறுக்கலை அல்லாஹ் மன்னிப்பான் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. ஒரு லட்சத்துச் சொச்சம் ரூபாய் இருவருக்குமே பெரிய தொகைதான். ஆயினும் ஒரே ஷிப்டில் நின்று, ஒரே பள்ளியில் ஜும்ஆ தொழுபவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் திரிவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, பிறர் ஹக்கிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன்.