தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. தேன்கனிக்கோட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூர் அடுக்ககத்துக்குக் குடிபோவதாக எழுதியிருந்தாய். தாத்தாவின் இரண்டு தகரப் பெட்டிகளில் இருக்கும் காகிதங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாமா என்று அப்பா கேட்கிறாராம். வேண்டாம் என்று சொல். உன் தாத்தா கல்லூரி முதல்வராக இருந்தவர். வரலாறு படித்தவர். வந்த கடிதத்தோடு தான் எழுதிய பதிலின் நகலையும் சேர்த்துக் கட்டி வைத்தவர். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று அதற்கு விலை வைக்க முடியாது.

"பெரிய மனிதர்களின் காகிதங்களைத்தானே மாமா காப்பகத்தில் வைப்பார்கள்?" என்று கேட்டிருந்தாய். ஒரு பெரிய மனிதரை வைத்தே பதில் சொல்கிறேன். அவர் உன் ஊரின் கதையிலும் இருக்கிறார்.

கே.எம். பணிக்கர் 1895-இல் கேரளத்தின் காவாலத்தில் பிறந்தவர். அலிகாரில் பாடம் நடத்தினார். பிக்கானேர் சமஸ்தானத்தில் திவானாக இருந்தார். விடுதலைக்குப் பின் சீனாவுக்கும் எகிப்துக்கும் பிரான்சுக்கும் தூதராகப் போனார். இத்தனை வேலைகளுக்கும் நடுவில் வரலாறு எழுதினார். வாஸ்கோ ட காமா வந்த காலம் முதல் ஐரோப்பியர் ஆசியாவை ஆண்ட கதையைச் சொல்லும் அவருடைய பெரிய நூல் 1953-இல் வந்தது. கடைசிக் காலத்தில் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு வந்தார். முதலில் காஷ்மீரில் துணைவேந்தர், பிறகு மைசூரில். மைசூர்த் துணைவேந்தராக இருக்கும்போதே 1963 டிசம்பரில் காலமானார்.

அவருக்கும் ஓசூருக்கும் என்ன தொடர்பு? 1953 டிசம்பரில் மத்திய அரசு மாநில மறுசீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. ஃபசல் அலி தலைவர். குன்ஸ்ருவும் பணிக்கரும் உறுப்பினர்கள். மூவருக்கும் வந்து சேர்ந்த மனுக்களும் கடிதங்களும் 1,52,250. 104 ஊர்களுக்குப் போனார்கள், 9,000 பேருக்கு மேல் நேரில் கேட்டார்கள், 38,000 மைல் பயணம் செய்தார்கள். 1955 செப்டம்பர் 30-இல் அறிக்கை கொடுத்தார்கள். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூர் வட்டத்தின் மீது கன்னடத் தரப்புக்கும் கண் இருந்தது, தெலுங்குத் தரப்புக்கும் கண் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஓசூர் இங்கேயே நின்றது. ஆந்திராவோடு இருந்த எல்லை வழக்குக்கு நடுவர் படாஸ்கரின் தீர்ப்பு 1957-இல் வந்தது. 1960 ஏப்ரலில் அது நடைமுறையானபோது திருத்தணி நமக்கு வந்தது, சேலம் மாவட்டத்தின் சில பகுதிகள் அந்தப் பக்கம் போயின.

அந்த எல்லைக் கோட்டின் மீதுதான் இன்றைய ஓசூர் எழுந்தது. 1971-இல் தொடங்கிய அரசு நிறுவனமான சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் நிலம், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போகும் ஷிப்ட் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? ஆணையத்தின் அறிக்கை இன்று யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் அறிக்கை முடிவைத்தான் சொல்லும். அந்த ஒன்றரை லட்சம் மனுக்களை எழுதியவர்கள் திண்ணையில் என்ன பேசிக்கொண்டார்கள், ஓசூர் கைவிட்டுப் போய்விடுமோ என்று யார் யாருக்கு எழுதினார்கள் என்பதற்கு வேறு இடத்தில்தான் தேட வேண்டும். அந்த அறிக்கையின் கடைசியில் ஒரு சிறு பாடம் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தைப் பிரிக்க வேண்டும் என்று பணிக்கர் மட்டும் தனிக் குறிப்பு எழுதிச் சேர்த்திருக்கிறார். மூன்று பேர் கையெழுத்திட்ட காகிதத்துக்குள்ளேயே மூன்று மனங்கள் இருந்தன என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. தனிப்பட்ட காகிதங்களைத் தேடி நாம் போவது அந்த மனங்களைப் பார்க்கத்தான்.

பணிக்கரின் காகிதங்கள் தில்லியில் தீன் மூர்த்தி வளாகத்தில் உள்ள நூலகத்தில் இருக்கின்றன. நேரு நினைவு நூலகம் என்று நாங்கள் சொல்லிப் பழகியது. 2023 முதல் அதற்குப் பிரதமர்கள் அருங்காட்சியகம், நூலகம் என்று பெயர். ராஜாஜியின் காகிதங்களும் அங்கேதான். உன் வீட்டிலிருந்து தொரப்பள்ளி எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். ராஜாஜி அங்கே பிறந்து ஓசூரில் பள்ளிக்கூடம் போனவர், மொழிவழி மாநிலப் பிரிவினையை விரும்பாதவர், ஆணையம் அமைந்தபோது சென்னை மாநில முதல்வராக இருந்தவர். பிரிவினையைப் பரிந்துரைத்த ஆணையத்தில் இருந்த வரலாற்றாசிரியரின் காகிதமும், அதை எதிர்த்த நம் ஊர்க்காரரின் காகிதமும் ஒரே கூரையின் கீழ். ஆராய்ச்சிக்குப் போகும் வயது வரும்போது நீ போய்க் கேட்க வேண்டிய கட்டுகள் இவை.

காகிதம் என்ன செய்யும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று யதுநாத் சர்க்கார். ஔரங்கசீப்பின் வரலாற்றை ஐந்து தொகுதிகளில் எழுதியவர், 1926 முதல் 1928 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். மராட்டிய வரலாற்றாசிரியர் ஜி.எஸ். சர்தேசாயும் அவரும் அரை நூற்றாண்டு காலம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எந்த ஊரில் யார் வீட்டில் பழைய சுவடிக் கட்டு இருக்கிறது, பேஷ்வா ஆவணங்களைப் பார்க்க அரசு அனுமதி கிடைக்குமா, எந்த நகலெழுத்தரை நம்பலாம், வீட்டில் உடம்பு எப்படி என்று எல்லாம் அதில் வரும். அவற்றை எடுத்து வைத்ததால்தான், பல பத்தாண்டுகள் கழித்து தீபேஷ் சக்ரவர்த்தி என்ற வரலாற்றாசிரியர் கல்கத்தா தேசிய நூலகத்தில் அவற்றைப் படித்து 2015-இல் ஒரு முழு நூலே எழுத முடிந்தது. சர்க்காரின் ஔரங்கசீப்போடு இன்று பலர் உடன்பட மாட்டார்கள். ஆனால் இந்தியாவில் வரலாறு என்ற படிப்பு எப்படிக் கட்டப்பட்டது என்று அறிய அந்தக் கடிதங்களுக்கு ஈடாக எதையும் நான் காணவில்லை. அவர் அச்சிட்ட நூல்களை விட நீண்ட ஆயுள் அவற்றுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி உன் வேலைக்கு வருவோம். பெட்டியைத் திறந்ததும் தேதி வாரியாகவோ, தமிழ் ஒரு பக்கம் தெலுங்கு ஒரு பக்கம் என்றோ பிரித்து அடுக்கத் தோன்றும். கையை அடக்கிக்கொள். தாத்தா எதோடு எதைச் சேர்த்துக் கட்டினார் என்பதே ஒரு செய்தி. ஒரு மாணவனின் கட்டணச் சலுகை மனுவோடு ஒரு ரயில் டிக்கெட்டும் ஒரு தந்தியும் கட்டப்பட்டிருந்தால், அந்த மூன்றுக்கும் ஏதோ தொடர்பு இருந்திருக்கிறது. பிரித்து அடுக்கிவிட்டால் அந்தத் தொடர்பை இனி யாராலும் மீட்க முடியாது. காப்பகத்தில் வேலை செய்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வதும் இதைத்தான். ஆகவே திறந்தவுடன், எதையும் தொடாமல், மேலிருந்து பெட்டியைப் போட்டோ எடு. பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் எண் போடு. பேனா வேண்டாம், மெல்லிய பென்சில் போதும், அதுவும் மூலையில். உறையைத் தூக்கி எறியாதே. தபால் முத்திரையில்தான் பல கடிதங்களுக்குத் தேதியும் ஊரும் இருக்கும். கடிதத்தின் பின்பக்கத்தையும் படம் எடு, தாத்தா பதிலுக்கான குறிப்பை அங்கேதான் எழுதியிருப்பார்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும், லேமினேஷன் போடுவதும் காகிதத்துக்குச் செய்யும் கொடுமை. துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதே, காகிதத்தைத் தட்டையாக வைத்து மெதுவாகக் கழற்று. ரப்பர் பேண்ட் உருகி ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு எனக்குச் சொல். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றித் தரையிலிருந்து உயரத்தில் வை. கறையான் முதலில் வருவது தரையோரமாகத்தான்.

நம் பக்கத்துப் பெட்டிகளில் இன்னொரு சிக்கலும் செல்வமும் உண்டு. தாத்தா வீட்டில் தெலுங்கு பேசினார், பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படித்தார், பெங்களூரு நண்பர்களுக்குக் கன்னடத்தில் எழுதினார், நிலத்தை வாங்கியது உருது பேசும் குடும்பத்திடம். சென்னையிலோ தில்லியிலோ இருக்கும் காப்பகத்தில் இந்த ஐந்து மொழிகளையும் படிப்பவர் ஒருவரே இருப்பது அரிது. எல்லையோர ஊரில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள், இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கமெல்லாம் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்ககம் எழும் வேகத்தில் இப்படிப்பட்ட பெட்டிகள் எத்தனை போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது. கிருஷ்ணகிரி 2004-இல் தனி மாவட்டமாகி இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. நடுகற்களைத் தேடிக் காடு மேடெல்லாம் அலையும் நல்ல உள்ளங்கள் நம்மிடம் இருக்கின்றன. வீட்டுக் காகிதங்களையும் அந்த அக்கறையோடு தேட வேண்டும்.

இன்னொன்று. பெட்டியில் இருப்பதெல்லாம் ஊருக்குச் சொல்ல வேண்டியவை அல்ல. கடிதக் காகிதம் உங்கள் வீட்டுடையது; அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. பரீட்சையில் தோற்ற பையன், வேலை கேட்டு அழுது எழுதிய ஆசிரியை, குடும்பச் சண்டை எல்லாம் இருக்கலாம். அவற்றை எரிக்க வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் போட வேண்டாம். தனி உறையில் இட்டு, இத்தனை ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று மேலே எழுதி வை. காப்பகத்துக்குக் கொடுக்கும்போதும் அந்த நிபந்தனையோடு கொடுக்கலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. எங்கே கொடுப்பது என்பதை அப்பாவோடு உட்கார்ந்து பிறகு முடிவு செய்யலாம், அவசரமில்லை.

அவசரமான வேலை ஒன்றுதான். உன் அவ்வாவுக்குக் கண் இன்னும் தெளிவாக இருக்கிறது. போட்டோக்களையும் கடிதங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, இது யார் கையெழுத்து, இவர் நமக்கு என்ன உறவு, இந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று கேள். அவர் தெலுங்கில் சொல்வதை அப்படியே போனில் பதிவு செய். களைத்துப்போனால் நிறுத்திவிடு, அடுத்த நாள் தொடரலாம். நான் சனிக்கிழமை பஸ் ஏறி வருகிறேன். அதற்குள் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வை.

அன்புடன்,
மாமா