இருக்கிற தண்டவாளத்தில் தொடங்கு

அன்பின் மருமகளுக்கு,

விவாதப் போட்டியில் உனக்கு விழுந்த தலைப்பைப் பார்த்தேன்: 'நலிந்த தொழில் ஊரை இலகு ரயில் நிமிர்த்தும்'. ஆதரித்தே பேசு. ஆனால் அளந்து பேசு. ரயில் ஆலையைத் திறக்காது; திறக்கிற ஆலைக்கு ஆளைக் கொண்டுவரும்.

நம் வாழைச்சேனைக் கடதாசி ஆலையையே எடு. 1950களில் எழுந்தது. வெள்ளாமை வெட்டிய வயலில் மிஞ்சும் வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தார்கள். பிறகு போர், பழசான இயந்திரம், இறக்குமதிக் கடதாசி எல்லாம் சேர்ந்து அதை ஒடுக்கின.

ஆலை இருக்கும் ஊரிலேயே ஸ்டேசனும் இருக்கிறது. மட்டக்களப்பில் புறப்படும் கோச்சி ஏறாவூர், பல்கலைக்கழகம் உள்ள வந்தாறுமூலை, கல்குடா, வாழைச்சேனை என்று போய் ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டுகிறது. போரில் நின்ற ஓட்டம் 2003இல் மீண்டது. ஆனால் அது கொழும்புப் பயணிகளுக்கான கோச்சி. ஏறாவூரில் தினமும் வேலைக்குக் கிளம்புகிறவளுக்கு அது உதவாது.

இலகு ரயில் வேறு சங்கதி. சின்னப் பெட்டி, கிட்டக்கிட்டத் தரிப்பிடம், அடிக்கடி ஓட்டம். நேரசூசி பார்க்காமல் ஸ்டேசனுக்குப் போக முடிந்தால்தான் சனம் அதை நம்பி வேலை தேடும். நமது ஒற்றைப் பாதையில் அதற்கு, எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கக் கிளைத் தண்டவாளங்கள் வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்.

சாட்சிக்குப் பிரான்சின் நாந்து நகரைக் காட்டு. 1985இல் அந்த நகரில் டிராம் மீண்டும் ஓடியது. இரண்டே வருடத்தில் அங்கே கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டது. டிராம் அதைக் காப்பாற்றவில்லை. ஆனால் அந்த நிலத்தில் புதுத் தொழிலும் வீடும் வந்தபோது, போய்வர வழி தயாராக இருந்தது.

எதிரணி கொழும்பைக் காட்டும். மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் அமைக்க 2019இல் ஜப்பான் கடன் ஒப்பந்தமானது. 2020இல் திட்டம் கைவிடப்பட்டது. மறுக்காதே. அது தூண்மேல் எழுப்ப நினைத்த புதுப் பாதை. நாம் கேட்பது தரையில் கிடக்கிற பாதை. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகு சேர்த்து, ரப்பர் சில்லைக் கழற்றி இரும்புச் சில்லுப் பூட்டிய ரயில் பஸ் இந்த நாட்டில் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. அதில் தொடங்கலாம்.

மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையையும் மறவாதே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் சனம் படகுப் பாதையில்தான் வாவியைக் கடந்தது. படுவான்கரைச் சனத்துக்கு ஸ்டேசன் வாசல்வரை பஸ் வராவிட்டால், ரயில் இந்தப் பக்கத்து எழுவான்கரையின் சொத்தாகவே நின்றுவிடும்.

போட்டிக்கு முன் ஒரு காலையில் வாழைச்சேனை ஸ்டேசனில் இறங்கி ஆலை வாசல்வரை நடந்து பார். எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள். உன் பேச்சின் முதல் வரி அந்த எண்ணாக இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா