தேய்க்காமல் மீட்கலாம் வெள்ளியை

கேள்வி: கல்யாணச் சீராக வந்த வெள்ளித் தட்டு, டம்ளர், ஸ்பூன்களைச் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு பீரோவில் வைத்திருந்தேன். விசேஷத்துக்கு எடுத்தால் எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. பல்பொடி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. ஆனால், தட்டில் பொறித்த அம்மாவின் பெயர் மங்கிக்கொண்டே வருகிறது. வேறு வழி உண்டா? மறுபடி கறுக்காமல் எப்படிப் பாதுகாப்பது?
- வாசகி, மதுரை

பதில்: பல்பொடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தக வாயுவோடு உங்கள் வெள்ளியே சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மாறியிருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்தால் வெள்ளியும் கூடவே போகும். பெயர் மங்குவது அதனால்தான். கறுப்பைத் திரும்பவும் வெள்ளியாக்குவதே சரியான வழி.

எவர்சில்வர் பேசின் ஒன்றின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, சாமான்களை அதைத் தொடும்படி வையுங்கள். தொடாவிட்டால் பலன் இராது. லிட்டருக்கு இரண்டு மேஜைக்கரண்டி சமையல் சோடா என்ற கணக்கில் தூவி, கொதிக்கும் நீரை மூழ்கும்வரை ஊற்றுங்கள். நுரைக்கும், அழுகிய முட்டை வாடையும் வரும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போவதன் அடையாளம் அது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். கறுப்பு மிச்சமிருந்தால் புதுத் தாள், புது நீரில் மறுபடி செய்யலாம்.

கல், முத்து பதித்தவை, அரக்கு நிரப்பியவை, வேலைப்பாட்டுக்காகவே கறுப்பேற்றியவை ஆகியவற்றுக்கு இந்த முறை ஆகாது. மெல்லிய சோப்பு நீரும் மென்துணியும் போதும். வெள்ளி முலாம் பூசியவற்றை அழுத்தித் தேய்த்தால் அடியிலிருக்கும் செம்போ பித்தளையோ வெளியே தெரிந்துவிடும்.

இனி, பாதுகாப்பு. ரப்பர், கம்பளி, செய்தித்தாள் மூன்றையும் வெள்ளியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ரப்பர் பேண்ட் துணிக்கு மேலே போட்டால்கூடத் தடம் விழும். முட்டை, வெங்காயம், கடுகு பட்ட ஸ்பூனை உடனே கழுவுங்கள். உப்பை வெள்ளிக் கிண்ணத்தில் விட்டுவைத்தால் அரித்துக் குழி விழும். நன்றாகக் காய்ந்தபின் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றை வெளியேற்றி ஜிப் கவரில் போடுங்கள். ஈரத்தை இழுக்க, கூடவே ஒரு சாக்பீஸ் போடலாம்.

எல்லாவற்றிலும் நல்ல தடுப்பு, புழங்குவதுதான். அடிக்கடி கழுவித் துடைக்கும் தட்டில் கறுப்பு ஏற நேரமே கிடைக்காது. விசேஷத்துக்கென்று காத்திராமல் வாரம் ஒருமுறையாவது அந்தத் தட்டில் சாப்பிடுங்கள்.