24 மணி நேரப் பந்தயமும் ஏழாம் வகுப்பு இயக்கப் பாடமும்

2025 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தால் எல்லோரும் கார் பந்தயம் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். துபாயில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றிருந்தது. ஒரு மாணவன் எழுந்து, “சார், ஒரு நாள் முழுக்க ஒருத்தரே ஓட்டுவாரா? தூக்கம் வராதா?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. “முதல்ல புத்தகத்தை எடு” என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

அதே மாணவர்கள் ஜூன் மாதம் ஏழாம் வகுப்புக்கு வந்தார்கள். முதல் பருவத்தில் ‘விசையும் இயக்கமும்’ பாடம். ஒவ்வோர் ஆண்டும் வரையறைகளை அழகாக ஒப்பிப்பார்கள். கணக்கு என்றதும் தடுமாறுவார்கள். இம்முறை அந்த மாணவனின் கேள்வியிலிருந்தே தொடங்குவோம் என்று இவ்வகைப் பந்தயங்களைப் பற்றிப் படித்தேன்.

இவற்றில் புகழ்பெற்றது பிரான்சின் லெ மான் நகரில் 1923 முதல் நடந்துவரும் பந்தயம். இப்போது ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் கார் அவ்வப்போது நிற்கும். நின்றாலும் கடிகாரம் நிற்காது. நம் பாடப்புத்தகக் கணக்குகளிலும் ஓட்டப்பந்தயங்களிலும் பெரும்பாலும் தொலைவு முன்பே தெரியும், நேரத்தை அளக்கிறோம். இங்கே நேரம்தான் முடிவு செய்யப்பட்டது. 24 மணி நேரத்தில் யார் அதிகத் தொலைவு கடந்தார் என்பதே கேள்வி.

2010இல் லெ மானில் வென்ற ஆடி கார் 397 சுற்றுகள் ஓடியது. ஒரு சுற்று 13.629 கி.மீ. கரும்பலகையில் பெருக்கச் சொன்னேன். 5,410 கி.மீ.க்குச் சற்று மேல் வந்தது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு ஏழு முறை போவதைவிட அதிகம். 24ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 225 கி.மீ. சரி, புறப்பட்ட கோட்டிலேயே வந்து நின்றதாக வைத்துக்கொண்டால் இடப்பெயர்ச்சி எவ்வளவு? சற்று நேரம் அமைதி. பிறகு ஒரு குரல்: “சுழியம் சார்.” உடனே இன்னொரு குரல்: “அவ்வளவு டீசல் போட்டும் சுழியமா!” (அது டீசல் கார் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.) தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சராசரி வேகத்தில்தான் வழக்கமான சிக்கல் வந்தது. பாதையில் விபத்து நேர்ந்தால் பாதுகாப்பு கார் ஒன்று முன்னால் மெதுவாகச் செல்ல, மற்றவை அதன் பின்னால் வரிசையாகப் போகும். எளிமைக்காக ஒரு சுற்றை 12 கி.மீ. என்று வைத்துக்கொண்டோம். ஒரு சுற்று மணிக்கு 240 கி.மீ. வேகத்திலும் அடுத்த சுற்று 80 கி.மீ. வேகத்திலும் ஓடினால் சராசரி என்ன? வகுப்பே ஒரே குரலில் “160” என்றது. நேரத்தைக் கணக்கிடச் சொன்னேன். முதல் சுற்றுக்கு 3 நிமிடம், இரண்டாவதற்கு 9 நிமிடம். 24 கி.மீ.க்கு 12 நிமிடம் என்றால் மணிக்கு 120 கி.மீ.தான். நம்ப மறுத்து மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தார்கள். பிறகு கேள்வியைச் சற்று மாற்றினேன்: 3 நிமிடம் 240, அடுத்த 3 நிமிடம் 80 என்று ஓடினால்? இப்போது 160 சரியாக வருகிறது. இரண்டு வேகத்திலும் செலவான நேரம் சமமாக இருந்தால் மட்டுமே கூட்டி இரண்டால் வகுக்கலாம். இந்த இரண்டு கணக்குகளையும் அடுத்தடுத்துக் கொடுத்தால்தான் பலன். ஒன்றை மட்டும் கொடுத்தால், ‘சார் ஏதோ ஏமாற்றுகிறார்’ என்றே நினைக்கிறார்கள்.

மறுநாள் மைதானத்தில் ஆறு நிமிடப் பந்தயம் வைத்தோம். சுண்ணாம்புப் பொடியால் 60 மீட்டர் சுற்று வரைந்தேன். அணிக்கு மூன்று பேர். ஒருவர் தொடர்ந்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது. கைக்குட்டையைக் கட்டத்துக்குள் வைத்துத்தான் மாற்ற வேண்டும். பள்ளியிலேயே வேகமாக ஓடும் பையனின் அணி மூன்றாவதாக வந்தது. மாற்றும்போது இரண்டு முறை கைக்குட்டையைக் கீழே போட்டதே காரணம். விசில் ஊதியபோது முதல் இரண்டு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுகளை முடித்து, கோட்டின்மேல் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. “இரண்டும் சமம்” என்று அறிவித்தேன்.

ஓர் அணியிலிருந்த மாணவி ஒப்புக்கொள்ளவில்லை. “சார், இடம் பத்தாததால வரிசையா நின்னோம். நாங்க அவங்களுக்குப் பின்னால இருந்து புறப்பட்டோம். அப்ப நாங்கதான அதிகமா ஓடியிருக்கோம்?” என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அடுத்த பாடவேளைக்கு மணியும் அடித்துவிட்டது. “விளையாட்டுதானேம்மா, விடு” என்றேன். அவள் முகம் வாடியது.

அன்றிரவு 1966ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபோர்டு நிறுவனத்தின் கார்கள் முதல் மூன்று இடங்களில் இருந்தன. ஒன்றாகக் கோட்டைக் கடக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விருப்பம். முன்னால் சென்ற கென் மைல்ஸ் அதற்காக வேகத்தைக் குறைத்தார். முதல் இரண்டு கார்களும் 360 சுற்றுகள், ஏறத்தாழ 4,800 கி.மீ. ஓடி, அருகருகே வந்து முடித்தன. ஆனால் புரூஸ் மெக்லாரனும் கிறிஸ் ஏமனும் ஓட்டிய கார், தொடக்கத்தில் மைல்ஸின் காருக்குச் சில மீட்டர்கள் பின்னால் நின்றிருந்தது. எனவே அதுவே அதிகத் தொலைவு ஓடியது என்று நடுவர்கள் அதற்கு வெற்றியைக் கொடுத்தார்கள். மைல்ஸ் அதே ஆண்டில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தையும் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தையும் வென்றிருந்தவர். லெ மானை வெல்ல அவருக்கு இன்னொரு வாய்ப்பு வரவில்லை. அந்த ஆகஸ்டிலேயே ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்துபோனார்.

என் மாணவி சொன்னது அந்த நடுவர்களின் கணக்கேதான். மறுநாள் முதல் வேலையாக வகுப்பை மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். சுண்ணாம்புத் தடம் அழியாமல் இருந்தது. டேப் வைத்து அளந்தோம், ஒன்றரை மீட்டர். “நேற்று நான் சொன்னது தவறு. இவர்கள் அணிதான் முதலிடம்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். கைதட்டினார்கள். மற்ற அணியினர் மட்டும் முணுமுணுத்தார்கள்.

மைல்ஸின் கதையையும் சொன்னேன். மாணவி கொஞ்ச நேரம் யோசித்தாள். “கணக்கு சரிதான் சார். ஆனா மெதுவாப் போகச் சொன்னப்பவே அவருகிட்ட இதைச் சொல்லியிருக்கணும்ல?” என்றாள். நேற்று முணுமுணுத்த பையன்களும், “ஆமா சார், எங்ககிட்டயும் முன்னாடியே சொல்லல” என்று சேர்ந்துகொண்டார்கள். அதுவும் நியாயமாகவே பட்டது.

இந்தச் செயல்பாட்டைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று: காலை முதல் பாடவேளையிலேயே வையுங்கள். விசில் ஊதும்போது ஒவ்வோர் அணியும் எங்கே நிற்கிறது என்று குறிக்க, அணிக்கு ஒரு மாணவரை நிறுத்துங்கள். தொடங்கும் இடங்களையும் முன்பே அளந்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிடுங்கள். நாங்கள் அடுத்த வாரம் மறுபடி ஓடியபோது டேப்பின் ஒரு முனையை அந்த மாணவியும் மறுமுனையை எதிரணிப் பையன் ஒருவனும் பிடித்துக்கொண்டார்கள்.